கழுநீர்த் தொட்டியும் கறவை மாடும்

சென்னையின் தென்பகுதியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் மயிலாப்பூரின் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும், லஸ் வட்டாரத்து வக்கீல்களின் பெரிய வீடுகளையும், மார்கழி மாதத்துச் சங்கீத சபைகளையும், 1882ஆம் ஆண்டில் அடையாற்றங்கரைக்கு வந்து நிலைகொண்ட பிரம்மஞான சபையையும் சலிக்காமல் வருணித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வக்கீல் விடியற்காலையில் குடித்த காப்பிக்கும், அந்தச் சபையில் பாடிய வித்துவான் கச்சேரிக்குப் பின் உண்ட மோர்சாதத்துக்கும் பால் கொடுத்த மாடு எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்ற கேள்வியை அவர்களில் அநேகமாக எவரும் எழுப்பியதில்லை. எழுப்பியிருந்தால், அந்த மாட்டின் தீவனத்தில் கணிசமான ஒரு பங்கு அதே வீடுகளின் அடுக்களையிலிருந்தும், அந்த வீடுகளுக்குக் காயும் பழமும் விற்ற கடைகளிலிருந்துமே வந்தது என்பதையும், பழத்தின் தோலும் கொட்டையும் சக்கையும் குப்பையாகாமல் பாலாக மாறுவதற்கென்று ஓர் ஏற்பாடு, எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமலே, தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது என்பதையும் கண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டின் சரித்திரம்.

மயிலாப்பூர் பட்டணத்தோடு சேர்ந்திருந்தும் நெடுங்காலம் கிராமத்தின் லட்சணங்களை விடாமலிருந்த ஊர். கோயிலுக்குத் தெற்கே ஊர் மாடுகள் மேய்ந்த வெளி இருந்தது. இன்று பஸ் நிலையமும் ரயில் நிலையமும் நெருக்கியடிக்கும் மந்தைவெளி அதுதான். மேற்கே நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியும், அதன் பாய்ச்சலில் விளைந்த வயல்களும், தெற்கே அடையாற்றை ஒட்டிய தோப்புகளும் மாட்டுக்குப் புல்லும் வைக்கோலும் தண்ணீரும் தந்துவந்தன. 1923ஆம் ஆண்டை ஒட்டி அந்த ஏரி வடிக்கப்பட்டு, மாம்பலத்துப் பக்கம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரால் ஒரு நகர் எழுந்தபோது, பனகல் பூங்காவைச் சுற்றி வீதிகளும் பாண்டி பஜாரும் ரங்கநாதன் தெருவும் உருவாகி ஜனங்கள் சுகப்பட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சுகத்துக்கான விலையில் ஒரு பகுதியை மாடு கொடுத்தது. அது மேய்ந்த கரை போயிற்று. அதற்கு வைக்கோல் தந்த வயலும் போயிற்று. ஆனால் புதிய வீடுகளுக்குப் பால் முன்னைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது. மேய்ச்சல் நிலத்தை இழந்த மாட்டுக்கு, அந்த நிலத்தின்மேல் எழும்பிய வீடுகளின் கொல்லைப்புறமே மேய்ச்சல் நிலமாக வேண்டியதாயிற்று.

கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் நடுவே, பெரும்பாலான வீடுகளில் ஒரு மண்பானையோ கல்தொட்டியோ, பிற்காலத்தில் மேல்மூடி வெட்டப்பட்ட தகர டின்னோ இருக்கும். அதுவே கழுநீர்த் தொட்டி. அரிசி களைந்த முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும், சோறு வடித்த கஞ்சியும், உளுந்தை ஊறவைத்துத் தேய்த்துக் களைந்த தோலும், வாழைக்காய்ச் சீவலும், பரங்கியின் குடலும், கீரைத் தண்டின் அடியும், பூஜையில் நைவேத்தியமாகி வீட்டிலிருந்தோர் தின்ற வாழைப்பழத்தின் தோலும் அதில் போய்ச் சேரும். அதில் போடக்கூடாதவை இவை என்ற ஞானம் வீட்டுப் பெண்களுக்கு எவரும் கற்பிக்காமலே இருந்தது. ஆசாரமான குடும்பங்களில் எச்சில் பட்ட எதுவும் அந்தத் தொட்டியில் விழலாகாது. பசுவுக்கு எச்சிலிடுவது பாபம் என்பது அவர்கள் நம்பிக்கை. உப்பும் காரமும் ஏறிய பதார்த்தமும், ஊசிப்போன சோறும், சிகைக்காய்க் கசடும், உடைந்த கண்ணாடியும் அதற்குள் போகா. பாபம் புண்ணியம் என்ற பாஷையில் சொல்லப்பட்ட அந்த விதியை இக்காலத்து நகராட்சிப் பாஷையில் சொன்னால், கழிவை அது பிறக்கும் இடத்திலேயே தரம் பிரித்தல் என்று ஆகும். இந்த இரண்டாவது பாஷையை நம் நகரங்கள் இத்தனை ஆண்டுகளாகப் பிரசாரம் செய்தும், முதலாவது பாஷைக்கு இருந்த செல்வாக்கில் பாதிகூட அதற்குக் கிட்டவில்லை.

பழங்களின் கழிவுக்குத் தனியே ஒரு பஞ்சாங்கம் இருந்தது. மாசி பங்குனியில் புதுப்புளி வரும். வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, வெயிலில் காயப்போட்டு, திண்ணையிலோ முற்றத்திலோ பெண்கள் கூட்டமாக அமர்ந்து கொட்டை எடுப்பார்கள். பிள்ளைகள் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய புளியங்கொட்டை, வறுத்து மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைக்கப்பட்டு, பருத்திக்கொட்டையோடு சேர்ந்து வண்டிமாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் போகும். சித்திரை வைகாசியில் நுங்கு. சுளையைத் தோண்டியெடுத்த பனங்காயின் கோம்பையை அரிவாளால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால், மாடு அதை நறுக்கு நறுக்கென்று மெல்லும் ஓசை தெருவரையில் கேட்கும். அதே கோடையில் மாம்பழமும், அதை அடுத்துப் பலாவும் வரும். பலாப்பழத்தில் மனிதன் தின்னும் சுளை கொஞ்சம், தின்னாத தோலும் சடையும் தண்டும் அதிகம் ஆகையால், தெருமுனையில் பலாச்சுளை விற்பவன் கடையைக் கட்டும் நேரத்துக்கு மாட்டுக்காரனின் பையன் கோணிப்பையோடு அங்கே காத்திருப்பான். இவையெல்லாம் வந்து போகும் விருந்தாளிகள். வருஷம் முழுவதும் தவறாமல் கிடைத்தது வாழை. எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலாகவே உள்ள அந்தப் பழமும், அதன் இலையும், குலை வெட்டிய மரத்தின் மட்டையும், மயிலாப்பூர்த் தண்ணித்துறை மார்க்கெட்டிலும் தெற்கு மாட வீதிக் கடைகளிலும் நாள் தவறாமல் ஒதுங்கின.

இவற்றை வாங்கிச் செல்லும் பால்காரர் பெரும்பாலும் அதே பேட்டையின் பின்தெருவில் நாலு மாடோ ஆறு மாடோ கட்டிவைத்து ஜீவனம் செய்தவர். காலையில் பால் ஊற்றிவிட்டுப் போகும்போதோ, மத்தியானம் அவர் மனைவி இடுப்பில் குடத்தோடு வரும்போதோ, "கழுநீர் இருக்காம்மா?" என்ற குரல் கொல்லைவாசலில் கேட்கும். சேர்ந்ததை அப்படியே மாட்டின் முன் கவிழ்த்துவிடுவதில்லை. கையை முழங்கைவரை விட்டுத் துழாவி, கல்லோ ஆணியோ அகப்பட்டால் எடுத்தெறிந்து, தோல்களைச் சிறிதாக அரிந்து, மாங்கொட்டை இருந்தால் தவறாமல் பொறுக்கி விலக்கி, அதன் பிறகே தவிட்டையும் முதல்நாள் இரவு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கையோ எள்ளுப் புண்ணாக்கையோ கரைத்துக் கலந்து வைப்பார்கள். மாங்கொட்டையில் அவர்கள் காட்டிய எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. மாடு முதலில் மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடும் பிராணி ஆகையால், வழவழப்பான முழுக்கொட்டை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஏப்பம் வெளிவர வழியின்றி வயிறு உப்பி, சில மணி நேரத்தில் மாடு சாய்ந்துவிடும். மாம்பழக் காலத்தில் கால்நடை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிற ஆபத்து இது.

இந்த விவகாரத்தில் பணம் பெரும்பாலும் கைமாறவில்லை. கழுநீர் கொடுக்கும் வீட்டுக்கு மாடு கன்று ஈன்றபோது சீம்பால் வரும். நாள் கிழமைகளில் பால் கூடுதலாக வேண்டுமென்றால் இல்லையென்னாமல் கிடைக்கும். வாசல் தெளிக்கச் சாணம் தினமும் வரும். அடுப்பெரிக்க வறட்டி சகாயமாகக் கிடைக்கும். பால்காரருக்கும் மாதக்கடைசியில் முன்பணம் கேட்க ஒரு வாசல் இருந்தது. சந்தேகப் பிராணிகளான சில வீட்டார், கண்ணெதிரிலேயே கறந்து கொடுத்தால்தான் வாங்குவோம் என்று பிடிவாதம் பிடித்ததால், மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து, மடியைக் கழுவி, செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறக்கும் வழக்கமும் இருந்தது. அப்படி வாசலில் வந்து நின்ற மாட்டின் உடம்பு இளைத்திருந்தால் அது அந்த வீட்டாரின் கண்ணில் படும். அடுத்த நாள் தொட்டியில் கஞ்சி கொஞ்சம் அதிகமாக விழும். பாலைக் குடித்தவர் மாட்டைப் பார்த்திருந்தார், மாட்டுக்கு உணவிட்டவர் பாலைக் குடித்தார் என்பதே இந்த ஏற்பாட்டின் ஜீவநாடி.

பழமையைப் புகழ்கிறவர்கள் சாதாரணமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவது நியாயமன்று. கண்ணெதிரே கறந்த பாலிலும் தண்ணீர் கலக்கும் சாமர்த்தியம் அக்காலத்தவருக்கும் தெரிந்தே இருந்தது. கன்று பட்டினியால் செத்த பிறகு அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திப் பால் கறந்த காட்சி சென்னைத் தெருக்களில் வெகு சாதாரணம். கட்டிய கொட்டகையில் வெளிச்சமும் காற்றும் போதாமல், சாணமும் மூத்திரமும் சாக்கடையில் கலந்து, கொசு பெருகியது. இவற்றையெல்லாம்விட வருந்தத்தக்கது, பால் வற்றிய மாட்டின் கதி. கிராமத்தில் சினைப்படும்வரை மேய்ச்சலில் விட்டு வைக்கலாம். நகரத்தில் ஒவ்வொரு நாளும் வைக்கோலுக்கும் புண்ணாக்குக்கும் ரொக்கம் கொடுக்க வேண்டியிருந்ததால், வற்றிய மாட்டை வைத்துக்கொள்வது பால்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. நல்ல கறவை இனங்கள் வெளியூர்களிலிருந்து பெருநகரங்களுக்குக் கொண்டுவரப்பட்டு, ஓர் ஈத்துக் கறந்து முடிந்ததும் கசாப்புக்கு விற்கப்பட்டது பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றுக்கும் பொதுவான கதை. இறைச்சிக்கென்றே மாட்டைக் கொழுக்கவைப்பது இங்கே தொழிலாக வளரவில்லை. ஆங்கிலேயக் குடும்பங்கள் சில கூட்டுச் சேர்ந்து ஆட்டுக்குக் கடலையிட்டு வளர்த்துக் கறியைப் பங்கிட்டுக்கொண்டதுண்டு. மாட்டிறைச்சியோ, உழைத்துத் தேய்ந்த எருதிடமிருந்தும் வற்றிய பசு எருமைகளிடமிருந்தும் கிடைத்ததேயாம்.

மாட்டுத் தீவனத்தைப் பற்றிய சாஸ்திர ஆராய்ச்சியும் இந்தத் தென்சென்னையில் நடந்தது என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி. கவர்னர் சர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865ஐ ஒட்டி, அடையாற்றை அடுத்த சைதாப்பேட்டையில் ஒரு பரீட்சைப் பண்ணை ஏற்பட்டது. மேல்நாட்டுக் கலப்பைகளையும் விதைகளையும் இந்த மண்ணில் சோதித்துப் பார்ப்பது அதன் முதல் நோக்கம். டபிள்யூ. ஆர். ராபர்ட்சன் என்பவர் அதன் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் தீவனப் பயிர்களும் கால்நடை வளர்ப்பும் அங்கே முக்கிய இடம் பெற்றன. அங்கேயே விவசாயப் பள்ளிக்கூடமும் நடந்தது. 1876இல் தொடங்கி இரண்டாண்டுகள் சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சம், மனிதர்களை இலட்சக்கணக்கில் கொன்றதோடு கால்நடைகளையும் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. வீட்டுக் கூரையின் வைக்கோலைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டவர்களும், சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி அதையே தீவனமாக்கியவர்களும் உண்டு. அதே சைதாப்பேட்டையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சிக்காக அந்தக் கள்ளி இனத்தைத் தோட்டமிட்டு வளர்த்திருந்தார். சாயத்துக்கென்று ஒருவர் சீராட்டிய இனம், வறட்சிக் காலத்தில் ஏழைக் குடியானவனின் மாட்டுக்குக் கடைசிக் கவளமாயிற்று.

சைதாப்பேட்டைப் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மூலமாயிற்று. அதற்கு முன்பே, 1903 அக்டோபரில், வேப்பேரியில் ஒரு சிறு கட்டடத்தில் இருபது மாணாக்கர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989இல் அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமாக விரிந்தது. கழுநீர்த் தொட்டி என்ன செய்துவந்தது என்பதை இந்தச் சாஸ்திரம்தான் நமக்கு விளக்கிச் சொல்கிறது. மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிப்புக் குதிர். அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து, நம் குடலால் ஜீரணிக்க முடியாத நாரையும் பழத்தோலின் பசையையும் பிரித்து மாட்டுக்குச் சக்தியாக்கித் தருகின்றன. மாடு வாழைத்தோலைத் தின்கிறது என்பதைவிட, நுண்ணுயிர்கள் தின்கின்றன, அவற்றால் மாடு வாழ்கிறது என்பதே பொருத்தம். ஆனால் பழக்கழிவில் பெரும்பகுதி தண்ணீர். தர்பூசணித் தோலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரே. சர்க்கரை மிகுதி, புரதமோ மிகக் கொஞ்சம். புரதம் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத கடலைப் புண்ணாக்கையும், நார் மிகுந்த வைக்கோலையும் சேர்த்தால்தான் அது முழு ஆகாரமாகும். சர்க்கரையும் மாவும் ஒரேயடியாக மிகுந்தால் வயிற்றில் புளிப்பு ஏறி மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் சோறும் பொங்கலும் பழமும் அளவின்றி ஊட்டப்பட்ட பசுக்கள் மறுநாள் வைத்தியரிடம் வருவது இதனாலேயே. மாங்கொட்டைப் பருப்பில் மாவும் கொழுப்பும் உண்டெனினும் துவர்ப்புச் சத்து மிகுதியாகையால், பக்குவப்படுத்தி அளவாகவே கலக்கவேண்டும். தவிடும் புண்ணாக்கும் கரைத்து, தோலை அரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்த பின்தெருப் பால்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கணக்கின் விடை மட்டும் தெரிந்திருந்தது.

இதே வித்தையைப் பூமியின் மறுபுறத்தில் பெரும் ஆலைத் தொழிலாக வளர்த்தவர்கள் உண்டு. அவர்களுடைய மாட்டுக்கும் நமக்கும் உறவு முறை இருக்கிறது. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர், ஓங்கோல் சீமையின் வெள்ளை மாடுகள், உயர்ந்த திமிலும் தொங்கும் அலைதாடியுமாக, சென்னைப் பட்டணத்தில் மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இனம் கடல் கடந்து பிரேசிலுக்குப் போயிற்று. 1868இல் இரண்டு மாடுகள் பாஹியா துறைமுகத்தில் இறங்கியதாகவும், பத்தாண்டுகள் கழித்து ஒரு பண்ணையார் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து ஒரு ஜோடியை வாங்கிப்போனதாகவும் அந்நாட்டுச் சரித்திரம் கூறுகிறது. 1960களில் மறுபடியும் நல்ல பொலிகாளைகளும் பசுக்களும் இங்கிருந்து போயின. இன்று இருபது கோடியைத் தாண்டும் பிரேசிலின் மாட்டுச் செல்வத்தில் பெரும்பாலானவை, ஊர்ப்பெயரையே தாங்கி 'நெலோர்' என்று வழங்கும் இந்த இனத்தையோ அதன் கலப்பையோ சேர்ந்தவை; வளர்க்கப்படுவது இறைச்சிக்காக. அதே பிரேசில்தான் ஆரஞ்சுச் சாற்றை உலகத்திலேயே அதிகமாகப் பிழிந்து அனுப்பும் நாடு. பிழிந்த பழத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தோலும் சக்கையும் விதையுமாக மிஞ்சும். அதை அரைத்து, சிறிது சுண்ணாம்பு கலந்தால், பசையில் கட்டுண்டிருந்த நீர் விடுபடும். பிறகு நெருக்கிப் பிழிந்து, சூட்டில் உலர்த்தி, குச்சிபோன்ற சிறு துண்டுகளாக்கிவிட்டால், மாதக்கணக்கில் கெடாமல், கப்பலேறி ஐரோப்பா வரையில் போகும் தீவனமாகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1930களில், பழத்தோலைக் கொட்ட இடமின்றித் துர்நாற்றத்தால் தவித்த ஆலைகள் கண்ட வழி இது. நெல்லூர் மாட்டின் ஒரு கிளை பிரேசிலில் ஆலைத்தோலைத் தின்று கொழுத்தபோது, தாயாதிக் கிளை மயிலாப்பூர்க் கொல்லையில் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. பண்டம் ஒன்றே, அங்கே இயந்திரம் செய்த வேலையை இங்கே வீட்டுப் பெண்ணின் கையும் பால்காரர் கையும் செய்தன.

இந்த ஏற்பாடு ஒருநாளில் அழியவில்லை. பல திசைகளிலிருந்தும் அதன் வேர் அறுந்தது. பம்பாயில் 1949இல் ஆரே பால் காலனியை நிறுவி நகரத்து எருமைகளை அங்கே குடியேற்றிய மாதிரியைப் பின்பற்றி, சென்னைக்கு வடக்கே மாதவரத்தில் பால் காலனி எழுந்தது. 1958இல் மாநிலத்தில் பால்வளத்துக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. ஈரோட்டிலும் சேலத்திலும் கறந்த பால் குளிரூட்டிய வண்டியில் வந்து, ஆவின் உறையில் வாசலில் விழத் தொடங்கியபின், பின்தெருக் கொட்டகையை நம்பியிருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. அது சுகாதாரத்துக்கும் நல்லதே. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. அதே சமயத்தில் வீடும் மாறிற்று. கொல்லையும் கிணற்றடியுமாக இருந்த வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் ஆயின. மூன்றாம் மாடியில் கழுநீர்த் தொட்டிக்கு இடமுமில்லை, அங்கே ஏறிவந்து கேட்பாருமில்லை. கஞ்சி வடிக்கும் பானை போய்க் குக்கர் வந்தது. கொட்டை நீக்கிய புளி பொட்டலமாக வந்தது. கடைசியாகப் பாலித்தீன் பை வந்து, அரிசிக் கழுநீரிலிருந்து சவரக்கத்திவரை எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் எறியும் வசதியைத் தந்தது.

பட்டணத்துக்குக் காயும் பழமும் அளித்துவந்த கொத்தவால்சாவடி 1996இல் கோயம்பேட்டுக்கு இடம் பெயர்ந்தது. கூட்டமும் நெருக்கடியும் தீர்ந்தன. கழிவோ ஒரே இடத்தில் மலையாகக் குவிந்தது. அந்தக் கழிவை மீத்தேன் வாயுவாக்கி மின்சாரம் எடுக்க, அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்ப உதவியோடு இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அங்கே ஓர் ஆலை அமைந்தது. மாட்டின் வயிற்றுக்குள் நடக்கும் அதே காரியத்தை இரும்புத் தொட்டிக்குள் நடத்துவதுதான் அது. நல்ல முயற்சியே, ஆனால் தின்னத்தக்கதை முதலில் பிராணிக்குக் கொடுத்துவிட்டு, அழுகியதை வாயுவாக்கி, அதிலும் மிஞ்சியதை எருவாக்கும் வரிசைக் கிரமமே சிக்கனமானது. நகரத்தில் மிச்சமிருந்த மாடுகளுக்கோ, வீட்டுத் தொட்டியும் போய், மேய்ச்சலும் போய், தெருக்குப்பையே கதியாயிற்று. 2019 அக்டோபரில் வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்குத் திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பசுவின் முதல் வயிற்றைத் திறந்த மருத்துவர்கள், சுமார் ஐந்தரை மணி நேரம் உழைத்து வெளியே எடுத்த பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து அப்போது ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பசு பிளாஸ்டிக்கை விரும்பித் தின்னவில்லை. பைக்குள் கட்டி எறியப்பட்ட பழத்தோலையும் சோற்றையும் விரும்பிற்று. முடிச்சை அவிழ்க்கக் கையில்லாத பிராணி, பையோடு விழுங்கிற்று. முன்பு கழுநீரில் கைவிட்டுத் துழாவி ஆணியைப் பொறுக்கிய மனிதர் ஒருவர் இருந்த இடம் காலியாகக் கிடந்ததன் பலன் இது.

தெருவில் திரியும் மாட்டைப் பிடித்துக் கொண்டித்தொழுவில் அடைத்து, சொந்தக்காரரிடம் ஆயிரக்கணக்கில் அபராதம் வாங்கும் ஏற்பாட்டை மாநகராட்சி செய்திருக்கிறது. போக்குவரத்துக்கும் பாதசாரியின் உயிருக்கும் அது அவசியமே. ஆனால் மாட்டைத் தெருவிலிருந்து அகற்றுவதனால் பழத்தோல் தெருவிலிருந்து அகன்றுவிடாது. பாண்டி பஜாரிலும் அடையாற்றிலும் பழச்சாற்றுக் கடைகள் பெருகியிருக்கின்றன. கோடை மாலையில் ஒவ்வொரு கடையின் பின்புறமும் சாத்துக்குடித் தோலும் அன்னாசிச் சீவலும் தர்பூசணி மட்டையும் கூடை கூடையாகச் சேருகின்றன. கிருஷ்ணகிரிச் சீமையின் மாங்கூழ் ஆலைகளில் ஒவ்வொரு பருவத்திலும் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தோலும் கொட்டையும் ஒதுங்குகின்றன. அன்னாசித் தோலையும் கொண்டையையும் நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்திப் புளிக்கவைத்து, வாரக்கணக்கில் கெடாத பதனத் தீவனமாக்கும் முறையை பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் வகுத்துக் காட்டியிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில், தீவனத்தைப் பற்றி ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நிலையம் ஒன்றைக் கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்திவருகிறது. தேவையான அறிவு இங்கேயே இருக்கிறது. மாடும் செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் வண்டி எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

இவற்றை எல்லாம் சேர்த்து நோக்கும்போது என் அபிப்பிராயம் இது. பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்க முடியாது, மீட்கவும் வேண்டாம். மயிலாப்பூரின் பின்தெருவில் மறுபடியும் இருட்டுக் கொட்டகைகள் வருவதை மாட்டின்மேல் அன்புள்ள எவரும் விரும்பார். ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிராக இருந்த ஒரே ஒரு பழக்கத்தை மீட்கலாம். தின்னத்தக்கது, தகாதது என்று அடுக்களையிலேயே பிரித்து, அன்றன்றே, ஒன்றும் கலவாமல் கொடுத்துவிடும் பழக்கம் அது. பழத்தோல் தீவனமாவதும் குப்பையாவதும் தோலின் குணத்தால் அல்ல. அது உரிக்கப்பட்ட பிறகு எத்தனை மணி நேரம், எதனோடு சேர்ந்து, யார் கையில் இருந்தது என்பதனாலேயே ஆகும். ஆகவே, இதைப் படிக்கும் தென்சென்னைவாசிகளிடம் விண்ணப்பம் ஒன்று உண்டு. பழத்தோலைப் பையில் கட்டாமல், மூடியுள்ள ஒரு பாத்திரத்தில் தனியே சேர்த்து, அன்றைக்கே துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். பழக்கடையும் ஜூஸ் கடையும் நடத்துகிறவர்கள், அன்றன்று சேரும் தோலையும் சக்கையையும் நகருக்கு வெளியே மாடு வளர்ப்பவர் ஒருவருக்கென்று பேசி, சாயங்காலந்தோறும் ஒப்படைத்துவிடுங்கள். மாநகராட்சி, அபராதத்தில் காட்டும் சுறுசுறுப்பில் ஒரு பங்கை அதை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் ஒதுக்கட்டும்.